காதில் விட்ட எண்ணெய்

திருப்பாதிரிப்புலியூர்,
14.6.2010

ரேகாவுக்கு அம்மா அமராவதி எழுதுவது.

நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. போட்ட இலையை விட்டு எழுந்து போனவள் நலமாகத்தான் இருப்பாள். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் துண்டு பொறுக்கிப் படிக்கத் தோன்றும். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்குக் கோயிலில் நான் என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டேன்? காது குத்துகிற இடத்தில் தவில்காரர் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வெளுத்து வாங்கினார். உன் அப்பாவே காதைப் பொத்திக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சித்தார்த் உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை. ஆசாரி ஊசி வைத்த பிறகுதான் வீறிட்டான். அதைப் பார்த்துத்தான் "பிள்ளைக்குக் காது கேக்குதாடி?" என்றேன். என் குரல் கொஞ்சம் பெரிசு. அது நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

அதற்கு நீ சொன்னது என்ன? "அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு டாக்டர் வேல பாக்காத." நாத்தனார், ஓரகத்தி எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அஞ்சாவதுதான் படித்தேன். இந்தத் தெருவில் கரண்டு பில்லிலிருந்து கோர்ட்டு நோட்டீஸ் வரைக்கும் யாரிடம் கொண்டு வந்து படிக்கச் சொல்கிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

பிரசவத்துக்கு வந்து ஐந்து மாதம் இங்கே இருந்தாயே, அப்போதே எனக்கு ஒரு சந்தேகம். குக்கர் விசில் அடித்தால் நானே திடுக்கிடுவேன், அவன் பாட்டுக்குக் கையை ஆட்டிக்கொண்டு படுத்திருப்பான். நல்ல பிள்ளை, பயந்த சுபாவம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

பிள்ளையை டாக்டரிடம் காட்டு. அவ்வளவுதான் என் விஷயம். நீயாகக் கூப்பிடாமல் உன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன். அதுவும் அவ்வளவுதான்.

அமராவதி

*

சிதம்பரம்,
18.6.2010

அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

உனக்குப் பெரிய குரல் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அத்தனை பேர் முன்னால், அதுவும் சீர் தட்டு வைத்திருக்கும்போது, என் பிள்ளையைச் செவிடு என்று ஊருக்கே அறிவித்தாயே, அதை எந்த அம்மா பொறுப்பாள்? திரும்பி வரும்போது பஸ்ஸில் பின்சீட்டில் இருந்த உன் ஓரகத்தி "கொழந்தைக்கு என்னமோவாமே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். பரங்கிப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் நான் தலையைத் திருப்பவில்லை.

நீ சொல்கிற வரைக்கும் நான் பார்க்காமல் இருந்தேன் என்று நினைக்காதே. மாமா ஆபீசில் லோன் போட்டு கம்ப்யூட்டர் வாங்கி நெட் கனெக்‌ஷன் கொடுத்திருக்கிறார். அம்மாக்கள் மட்டும் பேசிக்கொள்கிற ஒரு பக்கம் இருக்கிறது. அதில் கேள்வி போட்டேன். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் தெரியுமா? சத்தத்தில் தூங்கிப் பழகின குழந்தை திரும்பாது, ஆண் குழந்தை எல்லாமே லேட்டாகத்தான் செய்யும், என் பையன் மூன்று வயதில்தான் பேசினான், இப்போது வாயை மூடுவதில்லை, கவலைப்படாதே என்கிறார்கள். ஹேப்பிமாம் என்று ஒருத்தி, அமெரிக்காவில் இருக்கிறாளாம், எவ்வளவு அன்பாக எழுதியிருந்தாள். என் அம்மா ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கிறாளா என்று அழுதுவிட்டேன்.

இன்னொன்றும் படித்தேன். அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். குழந்தை காதில் எண்ணெய் விடக் கூடாதாம். உள்ளே ஜவ்வு கெட்டுக் காது போய்விடுமாம். தினம் குளிப்பாட்டும்போது தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி அவன் இரண்டு காதிலும் விட்டது யார்? "வேணாம்மா" என்று நான் சொன்னபோது "உனக்கும் இப்படித்தான் ஊத்தினேன், நீ என்ன செவுடா" என்று கேட்டது யார்?

அவனுக்கு ஒன்றும் இல்லை. ஒருவேளை இருந்தால், அது உன் எண்ணெய்தான்.

ரேகா

*

திருப்பாதிரிப்புலியூர்,
24.6.2010

ரேகாவுக்கு,

உன் கடுதாசி வந்த அன்றைக்கு உலை கொதித்து அரிசி போடாமலே வற்றிப்போனது. உன் அப்பா வந்து அடுப்பை நிறுத்தினார். "இன்னா ஆச்சு?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அவரிடம் எப்படிச் சொல்வேன், பேரன் காதை நான் எண்ணெய் ஊற்றிக் கெடுத்துவிட்டேனாம் என்று?

யாரைக் கேட்பது? டாக்டரைக் கேட்டால் பிள்ளையைக் கொண்டு வா என்பார். பிள்ளை உன்னிடம். பக்கத்து வீட்டில் கேட்டால் விடிவதற்குள் மஞ்சக்குப்பம் வரைக்கும் தெரியும். நீ எந்தப் பெட்டியிடம் கேட்டாயோ அதனிடமே கேட்பது என்று முடிவு பண்ணினேன். சன்னதித் தெரு முனையில் பிரிசில்லா பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறாளே, கணவன் துபாயில் இருப்பவள், அங்கே போனேன். காலேஜ் பிள்ளைகள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன ஆன்ட்டி, ஃபோட்டோ ஸ்கேன் பண்ணணுமா?"

"இல்லம்மா. கொழந்த காதுல எண்ண விட்டா காது போய்டுமான்னு அதுங்கிட்ட கேளு."

கேட்டாள். எல்லாம் இங்கிலீஷில் வந்தது. அவள் படித்துப் படித்துச் சொன்னாள். ஒருத்தன் எண்ணெய் விட்டால் கட்டாயம் செவிடு என்கிறான். அடுத்தவன் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விடு, காது நன்றாகக் கேட்கும் என்கிறான். மூன்றாவது ஒருத்தன் இரண்டும் தப்பு, எங்கள் சொட்டு மருந்தை வாங்கு என்கிறான், புட்டி படமும் போட்டிருக்கிறான். ஒரே கேள்விக்கு இத்தனை வாயா? நம் தெருக் குழாயடியே தேவலாம். அங்கே சொல்கிறவள் முகமாவது தெரியும்.

அப்புறம் ஒன்று வந்தது பார், அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். செல்போனைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்தால் காது நரம்பு செத்துப்போகும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பிரிசில்லா, "ஆன்ட்டி, இத யாரு எழுதுனாங்கன்னே போடல, இதப் போயி நம்புறீங்களா" என்றாள்.

"நம்புறனோ இல்லியோ, நீ பிரின்ட் எடு" என்றேன்.

இங்கே இருந்த ஐந்து மாதமும் தலையணைக்கு அடியில் செல்போனை வைத்துக்கொண்டு படுத்தது யார்? "எடுத்துத் தூரப் போடுடி" என்றதற்கு "மாமா கூப்பிடுவாரு" என்றது யார்? கூப்பிடுகிறவன் என் தம்பியாயிற்றே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

உன் காகிதத்துக்கு என் காகிதம் சரியாகப் போயிற்று.

அமராவதி

*

சிதம்பரம்,
1.7.2010

அம்மாவுக்கு,

நீ அனுப்பிய காகிதம் வந்தது. கீழே பார்த்தாயா? செல்போனுக்கு மாட்டுகிற ஏதோ ஒரு தகடு விற்கிறார்கள். உன்னை யார் பிரௌசிங் சென்டருக்கெல்லாம் போகச் சொன்னது? எனக்குக் கோபம் வந்தது. பிறகு நீ அந்த நாற்காலியில் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துச் சிரிப்பும் வந்தது. பிறகு இரண்டும் போய்விட்டது.

நான் எண்ணெயைப் பற்றி எழுதினேனே, அதையும் யார் எழுதினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

ஹேப்பிமாம் தனியாக ஒரு மெயில் அனுப்பினாள். சித்தார்த்தின் மூளை வளர்ச்சிக்கு ஒரு சிரப் இருக்கிறதாம், அவள்தான் அதற்கு ஏஜென்ட்டாம். அவளுக்குக் குழந்தை இருக்கிறதா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆம்பளையோ என்னவோ. அவள் எழுதியதைப் படித்து நான் அழுததை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்று சொல்கிறேன், உடனே தெருவுக்குச் சொல்லாதே. வீட்டில் நானே பார்த்தேன். முன்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினேன், திரும்பினான். துள்ளிக் குதித்தேன். பின்னால் போய்த் தட்டினேன், திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். எதிர்வீட்டு அகிலாண்டம் மாமி "என்ன ரேகா, பாத்திரக் கடை வெச்சிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள். அவன் தரையில் கிடந்த ஸ்பூனைச் சப்பிக்கொண்டிருந்தான். மாமி வாசலில் வந்து நின்றதும் நிழல் விழுந்தது. அப்போதுதான் திரும்பினான். மாமியைப் பார்த்துச் சிரித்தான்.

மாமாவிடம் சொன்னேன். "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் எல்லாம் வரும். நான் கூட லேட்டாத்தான் பேசினேனாம், அக்காவக் கேட்டுப் பாரு" என்கிறார். அந்த அக்கா நீதான். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே ஒரு நல்ல பக்கம் கிடைத்தது. குழந்தை டாக்டர்கள் சங்கத்துடையது. எழுதிய டாக்டர்களின் பெயர், படிப்பு, எந்த வருஷம் எழுதினார்கள் எல்லாம் இருக்கிறது. ஒன்றையும் விற்கவில்லை. ஆறு மாதத்தில் குழந்தை சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே காதைச் சோதித்துப் பாருங்கள் என்று இருந்தது. அன்பாக ஒரு வார்த்தை கிடையாது. அதை மூடிவிட்டேன். மூடிவிட்டுத்தான் அம்மாக்கள் பக்கத்துக்குப் போனேன். அங்கே நான் கேட்க நினைத்ததைச் சொன்னார்கள்.

நெட்டில் எதுவும் சரியில்லை என்று எல்லாரிடமும் கத்திக்கொண்டிருக்கிறேன். சரியானது கிடைக்காமல் இல்லை, அம்மா.

பயமாக இருக்கிறது.

ரேகா

*

திருப்பாதிரிப்புலியூர்,
4.7.2010

ரேகா,

உன் மாமன் லேட்டாகப் பேசினான் என்பது பொய். ஒன்றரை வயதில் என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு ஐஸ்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவனிடம் இதைப் படித்துக் காட்டு.

இனி ஒன்றும் படிக்காதே. நானும் அந்தச் சென்டருக்குப் போக மாட்டேன். எண்ணெய் என்று நீ ஒரு காகிதம், செல்போன் என்று நான் ஒரு காகிதம். யார் மேல் பழி என்று இரண்டு பேரும் வக்கீல் மாதிரி சாட்சி தேடிக்கொண்டிருந்தோம். பிள்ளையை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை காதுக்கென்று தனி டாக்டர் இருக்கிறாராம். உன் அப்பா விசாரித்து வந்தார். அவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போய் வா. எண்ணெய் விஷயத்தையும் டாக்டரிடம் கேள். எதைச் சொன்னாலும் எனக்கு எழுது. நல்லதாகத் திருப்பி எழுதாதே.

நான் கூட வரட்டுமா என்று கேட்க மாட்டேன். கூப்பிட்டால் வருவேன்.

அம்மா

*

சிதம்பரம்,
16.7.2010

அம்மாவுக்கு,

போய் வந்தோம். உன்னைக் கூப்பிடாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ வந்தால் நான் உடைந்துவிடுவேன் என்றுதான்.

தூங்க மருந்து கொடுத்து, தலையிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் சத்தம் விட்டுப் பார்த்தார்கள். சத்தம் மூளைக்குப் போகிறதா என்று கம்ப்யூட்டரில் கோடு கோடாக வருமாம். எனக்கு அந்தக் கோடு ஒன்றும் புரியவில்லை. டெஸ்ட் எடுத்த பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது புரிந்தது.

இரண்டு காதும் கேட்கவில்லை. ரொம்பப் பெரிய சத்தம் கொஞ்சம் போகிறது, பேச்சு போகவில்லை. பிறக்கும்போதே இப்படி இருந்திருக்கும் என்கிறார் டாக்டர்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். "எண்ண விடாதீங்க, சீழ் பிடிக்கும். ஆனா இது அதனால வந்தது இல்லம்மா" என்றார். செல்போனைப் பற்றியும் மாமா கேட்டார். "நீங்க எல்லாரும் எங்கேருந்து இதெல்லாம் புடிச்சிட்டு வர்றீங்க?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆகவே நீயும் இல்லை, நானும் இல்லை. இனி உலையை வற்ற விடாதே.

காதுக்கு மெஷின் வைக்க வேண்டும். ஏழெட்டு மாதத்தில் வந்ததே நல்லது, மூன்று வயதில் கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம் என்றார். வருகிற வெள்ளிக்கிழமை, இருபத்து மூன்றாம் தேதி, காதுக்கு அச்சு எடுக்க மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். மெஷினில் போதுமான அளவு கேட்காவிட்டால் பிறகு ஆபரேஷன் பற்றி யோசிக்கலாமாம். பேச்சுப் பயிற்சி வருஷக்கணக்கில் இருக்கும்.

குடும்பத்தைப் பற்றியும் ஏதோ சில கேள்விகள் கேட்டார். சொன்னேன். வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதுதான்.

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் சாப்பிடுகிறேன். பால் கொடுக்க வேண்டுமே.

ரேகா

*

திருப்பாதிரிப்புலியூர்,
19.7.2010

ரேகாவுக்கு,

நல்லதாகத் திருப்பி எழுதாதே என்றேன். நீ கெட்டதை எல்லாம் ஒளிக்காமல் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் திருப்பி எழுதியிருக்கிறாய்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை உன் மாமன் சேரன் வந்திருந்தான். உன்னிடம் பரங்கிப்பேட்டை போவதாகச் சொல்லிவிட்டு வந்தானாம். சாப்பாடு போட்டேன். சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். "இன்னாடா?" என்றேன். "டாக்டர் சொந்தத்துல கல்யாணமான்னு கேட்டாரு, அக்கா. ரேகா இல்லன்னு சொல்லிட்டா. நானும் பக்கத்துல கல்லு மாதிரி ஒக்காந்துட்டேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. சொந்தத்தில் கல்யாணம் பண்ணினால் டாக்டருக்கு என்ன? அதற்குள் அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். அவன் போனதும், போக மாட்டேன் என்ற சென்டருக்கே மறுபடி போனேன். டாக்டர்கள் சங்கத்துப் பக்கத்தை எடு என்றேன். பிரிசில்லா எடுத்தாள். பெயர், படிப்பு, வருஷம் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். இருந்தது. படிக்கச் சொன்னேன். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். "அப்புறம் வேற ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்றாள். அவளுக்கும் நம் குடும்பம் தெரியும். "காசு கொடுத்து ஒக்காந்திருக்கேன், முழுசாப் படி" என்றேன்.

அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகன் அத்தை மகளைக் கட்டுவது, இப்படி நெருங்கின சொந்தத்தில் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போக வாய்ப்பு ஜாஸ்தி என்று இருக்கிறது. கட்டாயம் இதனால்தான் என்று இல்லை, வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் நாளே நீ இந்தப் பக்கத்தை மூடினாயே, எந்த வரியில் மூடினாய் என்று இப்போது தெரிகிறது.

என்னைக் காப்பாற்றத்தான் இல்லை என்று சொன்னாயாக்கும். என் தம்பியை உனக்குக் கட்டி வைத்தது நான். வேண்டாம், மேலே படிக்கிறேன் என்று நீ சொன்னதும், "வெளி வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போறதுக்கு நம்ம வீட்டுக்குள்ளயே இரு" என்று நான் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அது சரியா தப்பா என்று நீ என்னோடு சண்டை போட வேண்டுமானால் போடு. வருஷம் முழுக்கப் போடு. நானும் சும்மா இருக்க மாட்டேன், பதில் சொல்வேன். ஆனால் டாக்டர் அதையா கேட்டார்? சொந்தமா இல்லையா என்று கேட்டார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது.

ஹேப்பிமாம் பொய் சொன்னாள், தகடு விற்கிறவன் பொய் சொன்னான் என்று குதித்தாயே, நீ டாக்டரிடம் சொன்னது என்ன? அவர் நீ சொன்னதை நம்பி எழுதி வைத்திருக்கிறார். அதை வைத்துத்தான் பிள்ளைக்கு இன்னும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று முடிவு பண்ணுவார். நாளைக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்றால் அதற்கு முன்னால் என்ன சோதிக்க வேண்டும் என்றும் சொல்வார். எதைத் தெரிந்து சொல்வார்? நம் வீட்டில் பொய்யை வாங்கிக்கொண்டுதான் சொல்வார்.

இப்போது மனசு கொதிக்கிறது. உன் மேலா, என் மேலா, அந்தப் பெட்டி மேலா என்று தெரியவில்லை. என் அம்மாவும் தாய்மாமனைக் கட்டினவள்தான், நாங்கள் எட்டுப் பேரும் காது கேட்டுத்தான் வளர்ந்தோம் என்று பிரிசில்லாவிடம் கத்திவிட்டு வந்தேன். அவள் என்ன செய்வாள் பாவம். தெருவில் நடந்து வரும்போது எட்டுப் பேரா என்று மறுபடி யோசித்துப் பார்த்தேன். இருந்தது எட்டு. பிறந்தது பதினொன்று. அந்த மூன்று பேருக்கு என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஒருத்தரும் இல்லை இப்போது.

சித்தார்த்துக்கு அப்படி ஆகக் கூடாது. அவன் விஷயத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் ஏறுகிற புதுச்சேரி பஸ் நம் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துதானே போகும். நான் அங்கே நிற்பேன். ஜன்னலில் தலையைக் காட்டு. உன் வீட்டு வாசற்படியை நான் மிதிக்கவில்லை, கவர்மென்ட் பஸ்ஸில்தான் ஏறுகிறேன், ஆகவே யாரும் என்னைக் கூப்பிடவும் வேண்டாம்.

டாக்டரிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சேரனும் கல்லாகவே இருக்கட்டும். பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டு நானே சொல்லிக்கொள்கிறேன். "எழுதிக்குங்க சார். இவனைப் பெத்தவளுக்கு நான் அம்மா. இவனோட அப்பாவுக்கு நான் கூடப் பொறந்த அக்கா."

அமராவதி